இங்கிலாந்துக் கிராமத்தை நடத்துவது யார்? பாரிஷ் கவுன்சில் பற்றி ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்குக் குடிபோனால், மார்ச் மாதம் கதவிடுக்கு வழியாக ஒரு கடிதம் வந்து விழும். கவுன்சில் டாக்ஸ், அதாவது வீடுகளுக்கான உள்ளாட்சி வரியின் பில். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்களே அதிகம். அந்தத் தாளை நிதானமாகப் பார்த்தால், நாம் கட்டும் தொகை யார் யாருக்குப் பிரிந்து போகிறது என்பது இனவாரியாக அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பங்கு கவுண்டி கவுன்சிலுக்கு. அடுத்து காவல்துறை, தீயணைப்பு, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். எல்லாவற்றுக்கும் கடைசியில், இருப்பதிலேயே சின்னத் தொகையாக, ஊரின் பெயரோடு ஒன்று இருக்கும்: பாரிஷ் கவுன்சில், அதாவது ஊர் மட்டத்து உள்ளாட்சி மன்றம்.

இந்த வரிக்காக வீடுகளை மதிப்பின்படி ஏ முதல் எச் வரை பிரிப்பார்கள். 2025-26-ல் இங்கிலாந்து முழுவதற்கும் 'டி' பிரிவு வீட்டின் சராசரி ஆண்டு வரி 2,280 பவுண்டு. அதில் பாரிஷ் கவுன்சிலுக்குப் போவது பெரும்பாலான கிராமங்களில் 100 பவுண்டைக்கூடத் தொடாது. ஆனால் பிள்ளைகள் ஊஞ்சலாடும் மைதானம், பேருந்துக்குக் காத்திருக்கும் நிழற்குடை, போரில் இறந்தவர்களின் நினைவுத்தூணைச் சுற்றி வெட்டப்படும் புல், நாய்க்கழிவுத் தொட்டி, சில ஊர்களில் இடுகாடு, இதெல்லாம் அந்தச் சின்னத் தொகையில்தான் நடக்கிறது. கிராமத்து வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ள நினைப்பவர்கள் அந்தக் கடைசி இனத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் எண்ணம்.

அங்கே என்ன இருக்கும், என்ன இருக்காது

இங்கிலாந்து மக்களில் ஏறத்தாழ 17 சதவீதம் பேர், ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவானவர்கள், கிராமப்புறங்களில் வசிக்கிறார்கள். சுற்றிலும் வயல்தான் என்றாலும் அவர்களில் விவசாயம் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் பக்கத்து நகரத்துக்கு வேலைக்குப் போய்வருபவர்கள், வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். ஊர் நடுவில் ஒரு தேவாலயம். அதன் அருகே ஒரு பப். கொஞ்சம் பெரிய ஊரென்றால் நூறு பிள்ளைகள்கூட இல்லாத ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு கடை, அந்தக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் தபால் அலுவலகம். ஊர்ப்பொதுவான ஒரு மண்டபம் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. அதை வில்லேஜ் ஹால் என்பார்கள்.

புதிதாகப் போகிறவர்களைத் திகைக்க வைப்பது இல்லாதவற்றின் பட்டியல்தான். பல கிராமங்களுக்கு எரிவாயுக் குழாயே வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டி இருக்கும். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அதில்தான் குளிர்காலம் முழுதும் வீடு சூடாக வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கினால் விலை அதிகம் என்பதால், ஊரே சேர்ந்து ஒன்றாக ஆர்டர் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். சாக்கடைக் குழாய் எட்டாத வீடுகளுக்கு செப்டிக் டேங்க். தெருவிளக்கு இல்லாத ஊர்களும் நிறைய. சில ஊர்களில் இரவு வானம் தெரிய வேண்டும் என்று மக்களே விளக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவர் பக்கத்து ஊரில் இருப்பார். மருந்துக்கடை இன்னும் தள்ளி இருக்கும். அதனால் கிராமப்புறத்தில் ஒரு தனி ஏற்பாடு உண்டு: மருந்துக்கடையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி வசிக்கும் நோயாளிகளுக்கு, அனுமதி பெற்ற கிளினிக்குகள் தாங்களே மருந்து கொடுக்கலாம். உயர்நிலைப் பள்ளி அருகிலுள்ள சந்தை நகரத்தில்தான். பிள்ளைக்கு எட்டு வயதுக்குக் கீழ் என்றால் 2 மைல், அதற்கு மேல் 16 வயது வரை 3 மைல். தகுந்த பள்ளிகளில் மிக அருகில் இருப்பதே அந்தத் தூரத்தைத் தாண்டி இருந்தால் போக்குவரத்தை இலவசமாகத் தர வேண்டியது உள்ளாட்சியின் கடமை. வீடு பார்க்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பேருந்து விஷயத்தில்தான் எனக்கு மனக்கஷ்டம். 2025 ஜனவரியிலிருந்து ஒரு வழிப் பயணத்துக்கு 3 பவுண்டு என்று அரசு உச்சவரம்பு வைத்தது நல்ல காரியம். ஆனால் ஒரு நாளைக்கு மூன்றே நடை, கடைசி வண்டி சாயங்காலமே போய்விடும் என்கிற ஊரில், கார் ஓட்டத் தெரியாத பதினாறு வயதுப் பையனும் கண் மங்கிப்போய் ஓட்டுவதை நிறுத்திவிட்ட எண்பது வயதுப் பாட்டியும் ஒரே மாதிரி வீட்டோடு முடங்குகிறார்கள். அந்த இடைவெளியைப் பல ஊர்களில் தன்னார்வலர்கள் நிரப்புகிறார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஓர் எண்ணுக்குக் கூப்பிட்டால், ஊர்க்காரர் ஒருவர் தன் காரில் வந்து கூட்டிக்கொண்டு போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். பெட்ரோல் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

மூன்று அடுக்கு

எந்தக் குறைக்கு யாரிடம் போவது என்பதில் புதியவர்களுக்குக் குழப்பம் வரும். பழைய முறை இன்னும் நீடிக்கும் இடங்களில் மூன்று அடுக்குகள். சாலை, பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை கவுண்டி கவுன்சில். குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, வீட்டு வசதி, வரி வசூல் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். மிச்சமிருக்கும் உள்ளூர்க் காரியங்கள் பாரிஷ் கவுன்சில். சில பகுதிகளில் மேல் இரண்டையும் ஒன்றாக்கி யூனிட்டரி என்று வைத்துவிட்டார்கள். கார்ன்வாலும் வில்ட்ஷரும் 2009-லேயே அப்படி மாறின. சாலையில் பள்ளம் விழுந்தால் பாரிஷ் கவுன்சில் உறுப்பினரைத் திட்டுவது பல ஊர்களில் நடக்கும்; பாவம், அவரால் மேலே புகார் அனுப்ப மட்டுமே முடியும்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. உறுப்பினர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். டவுன் கவுன்சில் என்பதும் சட்டப்படி பாரிஷ் கவுன்சில்தான். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தீர்மானம் போட்டு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், தலைவரை மேயர் என்று அழைத்துக்கொள்ளலாம். அதிகாரத்தில் வேறுபாடு இல்லை.

1894: பண்ணையாரும் கூலியாளும் ஒரே மேசையில்

பாரிஷ் என்பது முதலில் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட எல்லை. ஊர்க் காரியங்களையும் பல நூற்றாண்டுகள் தேவாலயத்தின் வெஸ்ட்ரி கூட்டம்தான் கவனித்தது. பெயருக்கு அது ஊர்க்கூட்டம். நடைமுறையில் நிலவுடைமையாளரும் பாதிரியாரும் வைத்ததே சட்டம். விவசாயக் கூலிகளில் பெரும்பாலோருக்கு நாடாளுமன்ற வாக்குரிமையே 1884-ல்தான் கிடைத்தது. பத்தாண்டு கழித்து 1894-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம், தேவாலயத்திலிருந்து ஊர் நிர்வாகத்தைப் பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலிடம் ஒப்படைத்தது. அந்த டிசம்பரில் முதல் தேர்தல்கள் நடந்தன.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெண்களைப் பற்றியது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1894-லேயே, திருமணமான பெண்கள் உட்பட, பாரிஷ் கவுன்சிலுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் முடிந்தது. கூலியாளும், பண்ணையாரும், குடியானவர் வீட்டுப் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேச ஒரு வழி பிறந்தது. அது எல்லா ஊரிலும் உடனே நடந்துவிடவில்லைதான். வழி இருந்தது என்பதே பெரிய விஷயம்.

இன்றைக்கும் தேவாலயத்துக்கு என்று தனியாக ஒரு சபை உண்டு. அதன் பெயரிலும் பாரிஷ், கவுன்சில் இரண்டும் வரும். அது தேவாலயக் கட்டடத்தையும் வழிபாட்டையும் பார்க்கிறது. வரிப்பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை சரி.

ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது

ஊர் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று நிற்கும். தொலைந்துபோன பூனை, யோகா வகுப்பு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தட்டச்சுத் தாள் குத்தப்பட்டிருக்கும். அதுதான் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்னதாக அதை ஒட்டியாக வேண்டும். ஒட்டிய நாள், கூட்ட நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் அந்தக் கணக்கில் சேராது. அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுத்தால் சட்டப்படி செல்லாது. சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமல் எதையும் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு கறார்.

கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம், வில்லேஜ் ஹாலில். முதலில் வர முடியாதவர்களின் பெயர். அடுத்து ஒரு முக்கியமான கட்டம்: இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்த லாபம் இருக்கிறதா என்று கேட்பார்கள். விவாதிக்கப்போகும் வயல் தன்னுடையது என்றால் அந்த உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு, அந்த விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் சேராமல் ஒதுங்க வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். பின்பு பொதுமக்கள் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குவது வழக்கம். கட்டட விண்ணப்பங்கள், மைதானம், வரவு செலவு என்று வரிசையாகப் போய், ஒவ்வொன்றிலும் கை தூக்கி வாக்களித்து முடிப்பார்கள். சமமாகப் பிரிந்தால் தலைவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 2014 முதல் படம்பிடிக்கவும் உரிமை உண்டு.

உறுப்பினர்கள் குறைந்தது ஐந்து பேர். சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கும் ஒரே ஆள் பல ஊர்களில் கிளார்க்தான், அதுவும் வாரத்துக்குச் சில மணி நேர வேலையாக. நிகழ்ச்சி நிரலை எழுதுவது, குறிப்பெடுப்பது, கணக்கு வைப்பது, 'இதைச் செய்ய நமக்குச் சட்டத்தில் இடமில்லை' என்று சொல்லித் தடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொன்று: தலைவர் உட்பட எந்த உறுப்பினருக்கும் தனியாக அதிகாரம் இல்லை. கவுன்சிலாகக் கூடி எடுத்த முடிவுக்குத்தான் மதிப்பு. ஓர் உறுப்பினரிடம் மட்டும் முடிவை ஒப்படைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. கமிட்டியிடம் கொடுக்கலாம், கிளார்க்கிடம் கொடுக்கலாம். தலைவரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

150 வாக்காளருக்கும் குறைவான குட்டி ஊர்களில் பெரும்பாலும் கவுன்சில் இருக்காது. வாக்காளர் எல்லோரும் கூடும் பாரிஷ் மீட்டிங் மட்டும்தான். கவுன்சில் உள்ள ஊர்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் முதல் தேதிக்கும் ஜூன் முதல் தேதிக்கும் இடையில் இந்த ஊர்க்கூட்டம் நடந்தாக வேண்டும். மாலை 6 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டும் அல்லவா. அவசர விஷயம் என்றால் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து தாங்களே கூட்டத்தைக் கூட்டலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது

ஜனவரி வாக்கில் கவுன்சில் அடுத்த ஆண்டுச் செலவைக் கணக்கிடும். புல் வெட்ட, விளையாட்டுச் சாதனங்களைப் பரிசோதிக்க, கிளார்க் சம்பளம், காப்பீடு என்று எல்லாம் சேர்த்து 24,000 பவுண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலுள்ள வீடுகளை டி பிரிவுக் கணக்குக்கு மாற்றினால் 400 வருகிறது என்றால், ஒரு டி பிரிவு வீட்டுக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு. இந்தத் தொகைக்கு பிரிசெப்ட் என்று பெயர். டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் வசூலித்து அப்படியே கொடுத்துவிடும். மறுக்க முடியாது. பெரிய கவுன்சில்கள் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் வரியை உயர்த்தினால் பொதுவாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்; பாரிஷ் கவுன்சில்களுக்கு அரசு அந்தக் கட்டுப்பாட்டை இதுவரை போடவில்லை.

வீட்டின் பிரிவு என்பது 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்து ஏ முதல் எச் வரை பிரித்தது. நேற்று கட்டிய வீட்டுக்கும் அந்தப் பழைய தேதிதான் அளவுகோல். இது மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கையில் பணம் இருந்தாலும் நினைத்ததற்கெல்லாம் செலவழிக்க முடியாது. ஒவ்வொரு செலவுக்கும் ஏதாவது ஒரு சட்டம் இடம் தர வேண்டும். சாலையோர இருக்கை, ஊர்க் கடிகாரம், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம். காய்கறி பயிரிட மக்களுக்கு வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலத்துக்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு வாக்காளர்கள் எழுதிக் கேட்டாலே கவுன்சில் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தாக வேண்டும். ஒரு முழு மனையின் வழக்கமான அளவு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்துக்கு உருளைக்கிழங்கும் பீன்ஸும் வெங்காயமும் தாராளமாக விளையும். எந்தச் சட்டத்திலும் இடமில்லாத நல்ல காரியம் என்றால், வாக்காளர் ஒருவருக்கு ஏறத்தாழ 11 பவுண்டு என்ற வரம்புக்குள் செலவிட ஒரு பொது விதி உண்டு. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தேர்தல் வழியாக வந்து, கிளார்க்கும் தகுதித் தேர்வு முடித்திருந்தால், 2011-க்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்துவிடுகிறது.

கணக்கை ஆண்டுதோறும் ஊர் முன்னால் வைக்க வேண்டும். 30 வேலை நாட்கள் யார் வேண்டுமானாலும் ரசீது, பில் எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

வயலில் வீடு கட்ட வந்தால்

கூட்டத்துக்கு ஒருபோதும் வராதவர்களையும் வரவழைக்கும் விஷயம் ஒன்று உண்டு: ஊர் ஓரத்து வயலில் ஐம்பது வீடு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டது என்ற செய்தி. மண்டபத்தில் அன்றைக்கு நாற்காலி பற்றாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ பாரிஷ் கவுன்சிலின் கையில் இல்லை. விண்ணப்பம் வந்தால் அதற்குத் தகவல் சொல்வார்கள்; பொதுவாக 21 நாளுக்குள் கருத்து அனுப்பலாம்; முடிவு மேலே. அந்தக் கருத்தும் சரியான காரணத்தோடு இருந்தால்தான் எடுபடும். 'என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும்', 'என் வீட்டு விலை குறையும்' என்று நூறு பேர் எழுதினாலும் பயனில்லை. திருப்பத்தில் வண்டி வருவது தெரியாது, மழைத் தண்ணீர் வடிய வழியில்லை, அண்டை வீட்டுப் படுக்கையறைக்குள் பார்வை விழும் என்று எழுதினால் அதிகாரி அதை எடைபோட்டாக வேண்டும். அனுபவமுள்ள கிளார்க் ஒருவர் ஊர்க்காரர்களின் கோபத்தை இந்த மொழிக்கு மாற்றித் தருவார். அந்த உதவியின் மதிப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

விண்ணப்பம் வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே திட்டம் போடவும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. எங்கே வீடு வரலாம், எப்படிப்பட்ட வீடு என்று ஊரே ஓர் அண்டைப்பகுதித் திட்டம் எழுதி, பொதுவாக்கெடுப்பில் வென்றால், அது சட்ட பலம் பெறும். இங்கிலாந்தில் இப்படி முதலில் வாக்கெடுப்பு நடத்தியது கம்ப்ரியாவின் மேல் ஈடன் பள்ளத்தாக்கு. 17 பாரிஷ்கள் சேர்ந்து எழுதிய திட்டத்தை 2013 மார்ச்சில் மக்கள் ஏற்றார்கள். இதில் பண லாபமும் உண்டு. கட்டுமான நிறுவனங்களிடம் உள்கட்டமைப்புக் கட்டணம் வசூலிக்கும் பகுதிகளில் பாரிஷுக்கு அதில் 15 சதவீதம் கிடைக்கும். அண்டைப்பகுதித் திட்டம் இருந்தால் 25.

கடையும் பப்பும் மூடும்போது

தபால் அலுவலகம் போகும், அப்புறம் கடை, அப்புறம் பப். இந்த வரிசையைப் பல கிராமங்கள் பார்த்துவிட்டன. கூட்டம் குறைந்ததும் உரிமையாளர் விற்கிறார். வாங்குபவர் அதை வீடாக மாற்றுகிறார். ஒருமுறை வீடாகிவிட்டால் திரும்பி வருவது அரிது.

இதைத் தடுக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. பாரிஷ் கவுன்சிலோ குறைந்தது 21 உள்ளூர்க்காரர்கள் சேர்ந்த குழுவோ, ஒரு கட்டடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியக் கேட்கலாம். பதிவு ஐந்தாண்டு நிற்கும். அதற்குள் உரிமையாளர் விற்க முனைந்தால், ஆறு வாரத்துக்குள் ஊர் தரப்பு 'நாங்கள் வாங்க விரும்புகிறோம்' என்று சொன்னால், பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம் கிடைக்கும். ஆனால் ஆறு மாதம் முடிந்தால் உரிமையாளர் தனக்குப் பிடித்தவருக்கு விற்கலாம். ஊருக்கே விற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு இது போதாது என்றே படுகிறது. ஆறு மாதத்தில் சில லட்சம் பவுண்டு திரட்டுவது வசதியான ஊருக்கு முடியும்; ஏழை ஊருக்கு எப்படி முடியும்?

முடித்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சின்ன ஊரின் ஓல்ட் கிரவுன் பப்பை 2003-ல் மக்களே கூட்டுறவாக வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் அது. சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் ஊருக்கு நடமாடும் நூலகம் வருவது நின்றபோது, பாரிஷ் கவுன்சில் 2009-ல் பயன்படாமல் நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டை ஒரு பவுண்டுக்கு வாங்கி நூலகமாக்கியது. அதன் பிறகு எத்தனையோ ஊர்கள் அதே வழியில் போயின. சில கூண்டுகளில் புத்தகம், சிலவற்றில் இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. லங்காஷயரில் இணைய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத கிராமங்கள், 2011-ல் சொந்தமாக ஒரு சமூக நிறுவனத்தைத் தொடங்கின. விவசாயிகள் தங்கள் வயல் வழியே இலவசமாகக் குழி தோண்ட விட்டார்கள். ஊர்க்காரர்கள் மண்வெட்டி எடுத்தார்கள். கிகாபிட் வேகத்தில் இணையம் வந்தது.

ஒரு கடையும் ஒரு மண்டபமும் ஊருக்கு என்னவாக இருக்க முடியும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது தபால் அலுவலக வழக்கைத்தான். ஹாம்ப்ஷயரின் சவுத் வார்ன்பரோவில் கடையும் தபால் அலுவலகமும் நடத்திய ஜோ ஹாமில்டன் மீது, தபால் அலுவலகங்களில் கணக்குக்குப் பயன்பட்ட ஹொரைசன் கணினி காட்டிய பொய்க் கணக்கால் பணம் குறைகிறது என்று குற்றம் சுமத்தினார்கள். 36,000 பவுண்டுக்கு மேல். ஊர் அவரை நம்பியது. பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 2008-ல் தீர்ப்பு நாளில் ஊர்க்காரர்கள் பலர் வின்செஸ்டர் நீதிமன்றத்துக்கே போய் அவர் பக்கம் நின்றார்கள். அவர் நிரபராதி என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல்தான் சொன்னது. இப்படி நாடெங்கும் தனித்தனியாகத் தவித்த துணை அஞ்சல் அலுவலர்கள், 2009 நவம்பரில், அவர்களைப் போலவே பாதிக்கப்பட்ட ஆலன் பேட்ஸ் என்பவரின் அழைப்பின் பேரில் முதன்முதலாக ஒன்றுகூடினார்கள். கூடிய இடம் வாரிக்ஷயரில் ஃபென்னி காம்ப்டன் கிராமத்தின் வில்லேஜ் ஹால். நாட்டின் நடுப்பகுதி என்பதால் எல்லோருக்கும் வர வசதி. தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லப்பட்டிருந்தது; அந்த அறையில்தான் அது பொய் என்று தெரிந்தது.

அத்தகைய மண்டபங்கள் இங்கிலாந்தில் பத்தாயிரம் அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை நடத்துவது கவுன்சில்கூட அல்ல, ஊர்க்காரர்களே அறங்காவலர்களாக இருக்கும் சிறு அறக்கட்டளைகள். காலையில் குழந்தைகள் விளையாட்டுக் குழு, மதியம் முதியோர் மதிய உணவு, இரவு பாரிஷ் கூட்டம், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி. கொதிகலன் பழுதானால் யாரோ ஒருவர் போய் நிற்க வேண்டும். அந்த யாரோ ஒருவருக்குப் பல ஊர்களில் எழுபது வயது தாண்டிவிட்டது.

காலி நாற்காலி

இந்த அமைப்பின் பெரிய பலவீனம், பணத்தைவிட, ஆள் இல்லாமைதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மே மாதம் தேர்தல். ஒன்பது இடத்துக்கு ஏழு பேர்தான் விண்ணப்பித்தார்கள் என்றால் ஏழு பேரும் போட்டியின்றித் தேர்வு. வாக்குப்பதிவே கிடையாது. இது அபூர்வமாக நடப்பதில்லை. கிராமங்களில் இதுதான் சாதாரணம். இளம் குடும்பங்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் கவுன்சிலில் மிகக் குறைவு. அதனால் பேருந்து தேவைப்படாதவர்கள் பேருந்தைப் பற்றியும், வீடு தேவைப்படாதவர்கள் வீட்டைப் பற்றியும் முடிவெடுக்கிற நிலை வருகிறது.

இது இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2024 டிசம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, மீதமுள்ள கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் அடுக்குகளை எல்லாம் யூனிட்டரியாக மாற்றப்போவதாகச் சொல்கிறது. ஒன்றுக்குப் பொதுவாக 5 லட்சம் மக்களாவது வேண்டுமாம். 2023-லேயே மாறிய நார்த் யார்க்ஷயரைப் பாருங்கள்: ஒரு கவுண்டியும் ஏழு டிஸ்ட்ரிக்ட்டும் போய், 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்புக்கு ஒரே கவுன்சில், 90 உறுப்பினர்கள். அவ்வளவு பெரிய அமைப்பில் ஒரு குக்கிராமத்தின் நிழற்குடைக்காகப் பேசப்போவது யார்? நடந்து போய்க் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் மிஞ்சுவது பாரிஷ் உறுப்பினர் மட்டும்தான். ஆனால் கழிப்பறை, பூங்கா போன்ற பொறுப்புகளை மேலிருந்து தள்ளிவிட்டு, பணத்தைத் தராமல் விட்டால், அந்தச் சுமை முழுதும் பிரிசெப்டில் வந்து விழும்.

நாம் சேரலாமா?

சேரலாம். இங்கே வசிக்கும் தமிழர்களில் பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி தங்கும் அனுமதியோடு இங்கே இருந்தால், மாணவர் விசாவாக இருந்தாலும் வேலை விசாவாக இருந்தாலும், 18 வயது ஆகியிருந்தால் பாரிஷ் தேர்தலில் மட்டுமல்ல, எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். 2023 முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கட்டாயம். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும்.

போட்டியிடுவதற்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதியாவது வேண்டும். அதோடு அந்தப் பாரிஷின் வாக்காளராக இருக்கலாம். இல்லையென்றால் கடந்த 12 மாதமாக அங்கேயோ அதிலிருந்து 3 மைலுக்குள்ளோ வசித்திருக்கலாம். முக்கிய வேலை அங்கே இருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் ஊர் வாக்காளர் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும். டெபாசிட் கிடையாது.

நடுவில் ஓர் இடம் காலியானால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வரும். 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடக்கும். யாரும் கேட்கவில்லையென்றால் கவுன்சிலே ஒருவரைத் தேர்ந்து சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்: நான் இன்ன தெருவில் இருக்கிறேன், இத்தனை ஆண்டுகளாக இருக்கிறேன், இன்ன விஷயத்தில் அக்கறை உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள். சில கேள்விகள் கேட்டுவிட்டுக் கை தூக்கி வாக்களிப்பார்கள். பெரும்பான்மை கிடைத்தால், பதவி ஏற்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டு அன்றைக்கே மேசையில் உட்காரலாம்.